சுட்ட தூரம் சொந்தம்

கடலூருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாய்த்த விதத்தைப் பார்த்தால், பாடலீஸ்வரர் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் யாரோ குடிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். வடக்கே புதுச்சேரி, அங்கே பிரெஞ்சுக்காரன். தெற்கே பரங்கிப்பேட்டை, யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடும். கொள்ளிடம் தாண்டிப் போனால் தரங்கம்பாடியில் டேனிஷ்காரன். நடுக்கூடத்தில், தேவனாம்பட்டினத்தில், இங்கிலீஷ்காரன். ஒருவன் மூக்கால் பேசுவான், ஒருவன் தொண்டையால் பேசுவான், ஒருவன் வாயைத் திறக்காமலே பேசுவான். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ‘ழ’ வராது. (இதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நம்மில் பாதிப் பேருக்கும் வராது.)

இந்த அண்டை வீட்டாரோடு புரிந்தும் புரியாமலும் பேசியதில் ஊருக்கு நேர்ந்த முதல் பெரிய விபரீதம் 1690-இல் நடந்தது. விற்பனைக்கு வந்த சொத்து, தேவனாம்பட்டினத்துக் கடலோரத்தில் இருந்த ஒரு சின்னக் கோட்டை. உள்ளூர் வியாபாரி ஒருவர் கட்டியது. சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்தபின் மராட்டியர் கைக்குப் போயிருந்தது.

விற்றவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். அப்பா பிடித்துவைத்த செஞ்சிக்கு மகன் 1689 கடைசியில் வந்து சேர்ந்தபோது யானைமேல் வரவில்லை. மொகலாயர் கண்ணில் படாமலிருக்க யாத்திரிகர் வேஷத்தில் வந்தார். தாய்மொழி மராத்தி. வாங்கியவர் எலிஹு யேல், சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில், வளர்ந்தது லண்டனில், பூர்வீகம் வேல்ஸ். சொத்து இருந்ததோ தமிழ்நாட்டு மீனவக் குப்பத்தை ஒட்டி. ஆக, வாங்குகிறவர், விற்கிறவர், சொத்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ் தெரிந்தது சொத்துக்கு மட்டும்தான்.

நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷிகள் இருந்தார்கள். வெள்ளைக்காரன் அவர்களோடு பேசியதும் பெரும்பாலும் இங்கிலீஷில் அல்ல. இந்தக் கரை முழுக்கப் புழங்கிய ஒருவித உடைந்த போர்த்துக்கீசியத்தில். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698-இல் கிடைத்த சாசனத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இந்தியாவுக்கு வரும் பாதிரிமார் ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்றாக வேண்டும் என்று அதில் கெடு வைத்திருந்தார்கள். உள்ளூர் மொழியையும் கற்க முயல வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு மட்டும் கெடு இல்லை. கெடு வைக்காத வேலை எந்தக் கதிக்கு ஆளாகும் என்பது அரசு அலுவலகத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

பேரத்தின் சாரம் இது: கோட்டையை வாங்கினால், அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்ந்து வரும். பேச்சு நடந்த இடத்தில் நான் இல்லை. ஆனாலும் இப்படித்தான் போயிருக்கும் என்று என் புத்திக்குப் படுகிறது.

“கோட்டையோட கொஞ்சம் நிலமும் வேணுமாம், மகாராஜ்.”

“எவ்வளவாம்?”

“குண்டு போற தூரம்.”

“அவ்வளவுதானா? குடுத்துத் தொலை.”

மகாராஜாவைக் குறை சொல்ல மாட்டேன். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் பெரும்படையோடு செஞ்சியை நோக்கி வந்துகொண்டிருந்தார். வந்தவர் 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தார். அப்படியொரு விருந்தாளி வாசலில் வந்து நிற்கும்போது, கடற்கரையில் நான்கு தென்னை மரம் கூடப் போகிறதா குறையப் போகிறதா என்று யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? கையில் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

விவகாரம் இருந்தது அந்தக் ‘குண்டு போற தூர’த்தில். பீரங்கிக்காரர்களின் கணக்கில் தூரம் இரண்டு வகை. குழாயை மட்டமாக வைத்துச் சுட்டால் குண்டு சில நூறு கஜம் போய் விழும். வாயை அண்ணாந்து பார்க்கவைத்துச் சுட்டால் பல மடங்கு தள்ளிப் போகும். குறி தப்பும்தான், ஆனால் நிலம் வாங்குகிறவனுக்குக் குறி எதற்கு? இங்கிலீஷ்காரன் பத்திரத்தில் எழுதி வாங்கியது இந்த இரண்டாவது வகையை. கேட்டவர்களுக்கு இரண்டும் குண்டுதான், இரண்டும் தூரம்தான்.

அதோடு விடவில்லை. பத்திரத்தில் எந்தப் பீரங்கி என்று சொல்லியிருக்கவில்லை அல்லவா? சென்னையிலிருந்து, இருந்ததிலேயே அதிக தூரம் சுடும் பீரங்கியைத் தேர்ந்தெடுத்து, கூடவே ஒரு பீரங்கிக்காரரையும் அனுப்பிவைத்தார்கள். மருந்து எவ்வளவு கெட்டிப்பது, வாயை எவ்வளவு தூக்குவது என்பதெல்லாம் சுடுகிறவரின் கைவண்ணம், பார்த்துச் செய்யவும் என்ற பொருளில் கடிதமும் போனது. இன்றைக்கு மனை அளக்க வருகிறவரின் சட்டைப் பையில் எதையோ செருகிவிட்டு, “பார்த்துப் போடுங்க சார்” என்று சொல்வதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அவர்கள் இதைக் கோப்பில் எழுதி வைத்தார்கள்.

1690 செப்டம்பரில் சுட்டார்கள். நிலம் இருந்த பக்கமெல்லாம். கிழக்கே சுட்டிருந்தால் வங்காள விரிகுடாவில் கொஞ்சம் தண்ணீர் கம்பெனிக்குச் சொந்தமாகியிருக்கும். மீன்களுக்குக் கிஸ்தி போட்டிருப்பார்கள். மேற்கிலும் வடக்கிலும் வயல்கள், தோப்புகள், குப்பங்கள் விழுந்தன. தெற்கே கெடில ஆற்றைத் தாண்டி, இன்றைய கடலூரான கூடலூர்ப் பட்டணமே உள்ளே வந்துவிட்டது. வாங்கப் போனது ஒரு கோட்டை. வந்தது ஒரு துறைமுகப் பட்டணமும் அதைச் சுற்றிய ஊர்களும்.

சாதாரணக் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள்: வடக்கே இன்னார் கொல்லை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே வாய்க்கால். இந்தப் பத்திரத்துக்கு நான்கெல்லையும் பள்ளம்.

அன்று மஞ்சக்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவை நினைத்துப் பார்க்கிறேன்.

“இன்னாடா அது சத்தம்?”

“வெள்ளைக்காரன் நெலம் அளக்குறான் ஆயா.”

“ஏன், அவங்கிட்ட கயிறு இல்லியா?”

குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. மாவட்ட வரலாறு எழுதிய வெள்ளை அதிகாரிகள் அந்தப் பெயரைப் பதிந்து வைத்தார்கள். கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. ஊருக்கு வடகிழக்கே குண்டு உப்பலவாடி என்று ஒரு கிராமம். வெளியூர் மாப்பிள்ளை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, ஊரில் எல்லோரும் பருமனாக இருப்பார்களோ என்று சந்தேகப்பட்டால் அது அவர் தப்பல்ல.

கோட்டைக்கு யேல் வைத்த பெயர் செயின்ட் டேவிட். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர் என்பார்கள் சிலர். சென்னையில் குழந்தையிலேயே இறந்துபோன தன் மகன் டேவிட்டின் பெயர் என்பார்கள் சிலர். இரண்டில் எதுவாக இருந்தாலும் மனிதர் மேல் கோபம் கொஞ்சம் குறைகிறது. சொந்த வியாபாரத்தைக் கம்பெனிச் செலவில் நடத்தினார் என்பது உள்ளிட்ட புகார்களில் 1692-இல் அவர் பதவி போயிற்று, பணம் போகவில்லை. பிற்பாடு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு ராஜா படமும் அனுப்பினார். அவர்கள் சரக்கை விற்றுக் கட்டடத்துக்குப் பயன்படுத்தி, 1718-இல் கல்லூரிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகம். இவர்கள் நிலம் வாங்கினாலும் லாபம், தானம் கொடுத்தாலும் லாபம்.

நிலத்தை வாங்கியாயிற்று. இனி அதன் பெயரைச் சொல்ல வேண்டுமே! அங்கேதான் நாக்கு மல்லுக்கு நின்றது. தேவனாம்பட்டினம் அவர்கள் ஏட்டில் ‘டெக்னபட்டம்’ ஆனது. கொள்ளிடம் ‘கோலரூன்’, இதைக் கேட்டு அது ஒரு ஆறு என்று கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு தரலாம். ஆறுகள் கூடும் இடம் என்பதால் கூடலூர் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்லி வளர்த்த பெயர், ‘கடலோர்’ என்று அவர்கள் வாயில் நசுங்கி, அந்த நசுங்கலையே நாம் தமிழில் திருப்பி எழுதி, கடல் இருப்பதால் கடலூர் என்று பள்ளிக்கூடத்தில் புது விளக்கமும் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. கம்மிங் என்ற துரையின் பெயரால் எழுந்த பேட்டையைக் கம்மியம்பேட்டை ஆக்கி, அந்தத் துரையே வந்து தேடினாலும் கிடைக்காதபடி செய்துவிட்டோம். புரூக்ஸ் துரையின் பேட்டை புருகீஸ்பேட்டை. கணக்கு நேர்.

ஆனால் சிதம்பரம் விஷயத்தில் வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழைய இங்கிலீஷ் ஏடுகளில் ‘சில்லம்பரம்’, ‘செலம்ப்ரம்’ என்று கண்டபடி எழுதியிருப்பார்கள். தில்லையம்பலத்தை இப்படியா குதறுவது என்று கொதித்து எழுகிறவர்கள், புவனகிரிப் பக்கம் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு நாள் ஏற வேண்டும். “செலம்பரம் ஒரு டிக்கெட் குடுப்பா” என்று கேட்கிற குரலில் அந்த ‘ல’ அப்படியே இருக்கும். துரை காதில் விழுந்ததை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். சிதம்பரம் என்று இலக்கண சுத்தமாகச் சொல்லிக்கொடுக்கத் தீட்சிதர் யாரும் அவனுக்கு வாய்க்கவில்லை, மாட்டுவண்டிக்காரர்தான் வாய்த்தார். குண்டு விஷயத்தில் நம் வார்த்தையை அவர்கள் இழுத்து நீட்டினார்கள். இந்த விஷயத்தில் கொச்சை நம்முடையது, பழி அவனுக்கு.

1746-இல் அண்டை வீட்டாருக்குள்ளேயே சண்டை மூண்டது. சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழ, அங்கே எழுத்தர் வேலை பார்த்த 21 வயது ராபர்ட் கிளைவ், உள்ளூர் ஆள் வேஷம் போட்டுக்கொண்டு தப்பி டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கடைசிவரை எந்த இந்திய மொழியையும் ஒழுங்காகப் பேசக் கற்காத மனிதர் அவர். வழியில் ஒரே ஒருவர், “எந்த ஊருப்பா?” என்று கேட்டிருந்தால் பிளாசிப் போரே நடந்திருக்காது. நம்மவர்களுக்கு எவனைப் பார்த்தாலும் ஊர் கேட்கிற வழக்கம் உண்டு. அன்றைக்கென்று யாரும் கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் பிரெஞ்சுப் படை புதுச்சேரியிலிருந்து கிளம்பி வந்து மஞ்சக்குப்பத்தில் கம்பெனியின் தோட்ட வீட்டைப் பிடித்தது. பிடித்தவர்களுக்கு நடந்த களைப்பு, பசி. துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றுக்கு வழி பார்க்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் பிள்ளைகள் குதிரைப் படையோடு வந்து நிற்க, சாப்பாட்டை மறந்து பொன்னையாறு தாண்டி ஓட்டம். போருக்கு வந்தாலும் பிரெஞ்சுக்காரன் சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போட மாட்டான் என்பதைக் கடலூர் அன்று தெரிந்துகொண்டது.

இதைவிட ரசமான கூத்து 1748 ஜூனில். இங்கிலீஷ் படைக்கு ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் என்ற மேஜர் புதிதாக வந்திருந்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே ராத்திரியோடு ராத்திரியாகக் கூடலூரைப் பிடிக்க ஆள் அனுப்பினார். படை ஊருக்குச் சில மைல் தள்ளி மேட்டில் பதுங்கி, இருட்டட்டும் என்று காத்திருந்தது. செய்தி லாரன்ஸ் காதுக்கு எட்டியது. மனிதர் பட்டப்பகலில், ஊரே பார்க்க, பீரங்கிகளையும் சிப்பாய்களையும் கூடலூரிலிருந்து டேவிட் கோட்டைக்குக் கிளப்பிக்கொண்டு போனார். இந்தப் பட்டணத்தைக் காப்பாற்ற முடியாது, கோட்டையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று வாய்விட்டும் சொன்னார்.

அந்தக் காலத்துக் கூடலூர்க் கடைத்தெருவில் ஒரு செய்தியைச் சொன்னால், அது மேட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்று மேஜர் சரியாகக் கணித்திருக்கிறார். எனக்கு அவருடைய ராணுவத் திறமையைவிட இந்த ஞானம்தான் பெரிதாகப் படுகிறது. சேதி போயிற்று: ஊரைக் காலி பண்ணிவிட்டான். இருட்டியதும் லாரன்ஸ் போன படையைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து மதில்மேல் நிறுத்தினார். நள்ளிரவில் பிரெஞ்சுக்காரர்கள், காலி வீட்டுக்குக் குடிவருகிறவர்களைப்போல, ஏணியைச் சாவகாசமாகச் சாத்தினார்கள். மேலே இருந்து வரவேற்பு குண்டு மழையாகப் பொழிந்தது. ஏணியைத் திரும்ப எடுத்துப்போகக்கூட நிற்கவில்லை, புதுச்சேரி போய்த்தான் மூச்சு விட்டிருப்பார்கள். கடலூரில் இன்று லாரன்ஸ் ரோடு என்று கூட்டம் நெரியும் தெரு இருக்கிறதே, அது இந்த ஆசாமி பெயர்தான். அங்கே இன்றைக்கும் ‘கடை காலி செய்கிறோம், தள்ளுபடி’ என்று பலகை மாட்டினால் அவசரப்பட்டு நுழைய வேண்டாம்.

அடுத்த ஆண்டு மூக்குடைபட்டது இங்கிலீஷ்காரன். பட்டம் இழந்த தஞ்சாவூர் ராஜா ஷாஹுஜி, டேவிட் கோட்டைக்கு வந்து, “நான் வந்தாலே போதும், ஜனங்கள் எல்லாம் என் பக்கம் திரண்டுவிடுவார்கள்” என்றார். அதை எந்த மொழியில் சொன்னாரோ, கம்பெனி முழுசாக நம்பியது. கேப்டன் கோப் தலைமையில் 1749-இல் படை கிளம்பி, கொள்ளிடக் கரையில் தேவிக்கோட்டைக்குப் போயிற்று. திரண்டு வந்தவர்கள் யாருமில்லை; கொசு மட்டும் வந்திருக்கும். வழியில் ஒரு புயல் வேறு. சோற்று மூட்டை ஏற்றிய கப்பல்கள் ஆற்று முகத்துவாரத்தில் நிற்க, நாலு மைல் தள்ளி நின்ற படைக்கு அந்தச் சேதியே தெரியவில்லை. ராத்திரி பூராவும் சின்னக் குண்டுகளைக் கோட்டைக்குள் வீசிப் பார்த்துவிட்டு, விடிந்ததும் வந்த வழியே திரும்பினார்கள். பிறகு லாரன்ஸ் போய்ப் பிடித்தார் என்பது வேறு கதை. பிடித்த கையோடு தஞ்சாவூரில் ஆண்டுகொண்டிருந்த பிரதாப்சிங்கோடு ராசியாகி, தேவிக்கோட்டையைத் தங்களுக்கு எழுதி வாங்கிக்கொண்டு, ஷாஹுஜிக்கு ஒரு படிப்பணம் வாங்கிக் கொடுத்து மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள். யாருக்காகப் போனார்களோ அவருக்கு நாற்காலி, போனவர்களுக்குக் கோட்டை.

சிதம்பரத்திலும் ஒருமுறை சூடுபட்டார்கள். 1781-இல் ஹைதர் அலியின் ஆட்கள் கோயிலையே அரணாக்கி உள்ளே இருந்தார்கள். காவல் அதிகமில்லை என்று நம்பி ஜெனரல் அயர் கூட் ஜூன் 18-ஆம் தேதி போய் மோதினார். காவல் அதிகமாகத்தான் இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு வந்தவர், ஜூலை 1 அன்று அங்கே ஹைதரை வென்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இந்தக் கூட் பிறப்பால் அயர்லாந்துக்காரர். இவர் 1760-இல் வந்தவாசியில் தோற்கடித்த பிரெஞ்சுத் தளபதி லாலியும் அயர்லாந்து வம்சம். டேவிட் கோட்டையை 1758-இல் இடித்துத் தரைமட்டமாக்கியவர். இரண்டு ஐரிஷ்காரர்கள் இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்குமாக நம் வயலில் சண்டை போட்டிருக்கிறார்கள். நமக்கு எல்லாரும் வெள்ளைக்காரன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1783. கடலூர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். ஜூன் மாதம் இங்கிலீஷ் படை முற்றுகை போட்டது. 13-ஆம் தேதி நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். 20-ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரெனும் இங்கிலீஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் கப்பல் கப்பலாக மோதிக்கொண்டார்கள். 25-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைவிட்டு வெளியே பாய்ந்து தாக்கி, அதில் தோற்றார்கள். மாதக் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் இருவருக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்றார்கள். எப்போது? ஜனவரி 20. ராஜாக்கள் கைகுலுக்கி ஐந்து மாதம் கழித்தும், சேதி வராததால் இவர்கள் இங்கே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை இதுதான் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றே கேள்விப்படாத நம் மக்களின் தோட்டத்தில் அது முடிந்தது.

அந்த 25-ஆம் தேதிச் சண்டையில் இங்கிலீஷ்காரர் பிடியில் சிக்கிய கைதிகளில் பெர்னதோத் என்று ஓர் இளம் சார்ஜெண்டும் இருந்தார், பிற்பாடு ஸ்வீடன் ராஜாவானவர் அவரேதான் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். வரலாற்றுக்காரர்கள் இப்போது அதை ஒப்புவதில்லை. அவர் இந்தியாவுக்கே வரவில்லை என்கிறார்கள். கடலூர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு ராஜாவை விட்டுக்கொடுக்க மனமில்லை. தவிர, பொருத்தமும் இருக்கிறது. பிரான்சில் பிறந்து ஸ்வீடனை ஆண்ட அந்த மனிதருக்குக் கடைசிவரை ஸ்வீடிஷ் வரவில்லை. ஒருமுறை துணிந்து ஜனங்களிடம் அவர்கள் மொழியில் பேசிப் பார்த்தாராம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்ததில், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லையாம்.